வெள்ளாவியும் ஒரு சுங்குடிச் சேலையும்

போன தை மாதம் பேத்தி ஊருக்கு வந்திருந்தாள். கல்லூரியில் பொங்கல் விழாவாம், பழைய சேலை கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். பீரோவைக் குடைந்து என் அம்மாவின் சுங்குடிச் சேலையைக் கண்டெடுத்துவிட்டாள். அரக்குச் சிவப்பு உடல், வெள்ளைப் புள்ளிகள், அகலமில்லாத கரை. மடிப்பில் பழைய வாசம் அடித்ததால், "தாத்தா, மெஷின்ல ஒரு சுத்து போட்டுக்கவா?" என்றாள்.

"வேண்டாம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டாள்.

அந்தச் சேலைக்கு வயது அறுபதுக்கு மேல். அதை இத்தனை காலம் காப்பாற்றியது யார் என்பதைப் பேத்திக்குச் சொல்லப் போய், நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு. முப்பத்து மூன்று வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் நடுநடுவே பாடமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் உடுத்தியதெல்லாம் பெரும்பாலும் கையால் செய்த துணிதான். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடியது. நூல் சேலைகள் அங்கிருந்து சந்தைக்கு வரும். நல்ல நாள் பெரிய நாளுக்கு மதுரைச் சுங்குடி. அதை மதுரையில் சௌராஷ்டிர மக்கள் செய்தார்கள். நாயக்கர் காலத்திலேயே மதுரையில் வேரூன்றியவர்கள் அவர்கள். வெள்ளைத் துணியில் துளித் துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது, அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து போட்டவை. அசல் சுங்குடியில் இரண்டு புள்ளிகள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. 2005ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடையில் தொங்குகிறவற்றில் பாதிக்கு மேல் அச்சடித்த புள்ளிகள். புள்ளிகளெல்லாம் ஒரே அளவில் வரிசை பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சாயமும் ஒரு காலத்தில் செடியிலிருந்து வந்ததுதான். சிவப்புக்குச் சாயவேரும் மஞ்சணத்தி வேரும், நீலத்துக்கு அவுரி. சிவப்பு தரும் அலிசரின் என்ற பொருளை 1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலர்கள் ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டினார்கள். 1897ல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. வேர் தோண்டியவர்கள் பிழைப்பு போயிற்று. பீப்பாய்ச் சாயம் மதுரைக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவின் சேலை பீப்பாய்ச் சாயக் காலத்துச் சேலைதான்.

நெய்தவர், சாயம் போட்டவர் வரைக்கும் புத்தகங்களில் இருக்கிறது. அதை வாரா வாரம் துவைத்து, கறை எடுத்து, நூல் விடாமல் இருபது வருடம் உழைக்க வைத்தவர்களைப் பற்றி அதிகம் எழுதியதாக நான் பார்த்ததில்லை. கைத்தறித் துணிக்கு இரண்டாவது நெசவாளி யார் என்றால், வண்ணார்தான் என்பேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையம் பக்கம். 1895ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பிய பிறகு ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் கூடின. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் என்பதைப் பெருமையாகச் சொல்வோம். அதே தண்ணீரில்தான் ஊருக்கு ஊர் வண்ணான் துறையும் இருந்தது. பாறையும் மணலும் ஓட்டமான தண்ணீரும் சேர்ந்த இடமாகப் பார்த்துத் துறை வைத்திருப்பார்கள்.

வெள்ளாவி என்ற சொல்லை இன்று சினிமாப் பாட்டில்தான் கேட்கிறோம். என் வயதுக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். வேலை இப்படி நடக்கும். கோடையில் சில நிலங்களில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் பொரியும். அதுதான் உவர்மண். விடியற்காலையில் போய்ச் சுரண்டி எடுத்து வந்து வைத்துக்கொள்வார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, துணியை முக்கிப் பிழிந்து, அடுப்பில் ஏற்றிய பெரிய சாலின் வாயைச் சுற்றி அடுக்குவார்கள். முரட்டுத் துணி அடியில், மெல்லிசு மேலே. மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, இரவு முழுக்க எரிப்பார்கள். ஆவி அடியிலிருந்து உச்சி வரை ஏறும். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்தால் கொக்கு இறக்கை மாதிரி இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், சலவைச் சோடா. நம் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கோடு அது சூட்டில் சேரும்போது துணியிலேயே கொஞ்சம் சோப்பு உண்டாகிறது. அழுக்கை அழுக்காலேயே எடுக்கிற வித்தை. நூறு டிகிரி ஆவியில் பேனும் கிருமியும் செத்துப் போகும். கிருமி என்ற சொல் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த வேலை இது.

ஆனால் எல்லாத் துணியும் வெள்ளாவிக்குள் போகாது. பருத்தி காரத்தைத் தாங்கும். பட்டு தாங்காது, ஏனென்றால் பட்டு நம் தலைமுடி மாதிரிப் புரதம், காரம் அதைத் தின்றுவிடும். அதனால் பட்டுக்குப் பூந்திக்கொட்டை. சாயத் துணிக்குத் தனி அலசல், நிழல் காய்ச்சல். பிரித்துப் போடுவதுதான் தொழிலின் முதல் பாடம். எந்த வீட்டுத் துணி என்று தெரிய, சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். ஆயிரம் தடவை அடித்தாலும் அது போகாது. அந்தக் கொட்டைப் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் தடித்துப்போய், அதைப் பற்றி 1943ல் அவர்கள் நாட்டு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. சிப்பாய்க்குச் சட்டை பட்ட இடம் மட்டும். நாள் முழுக்க அந்தக் கொட்டையைக் கையில் பிடித்துக் குறி வைத்தவர்களின் விரலைப் பற்றி யார் எழுதினார்கள்?

அதே போர்க்காலத்தில் துணிக்குப் பஞ்சம். 1943ல் துணிக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அம்மா சொல்வார், ஒரு சேலையை இரண்டாகக் கிழித்து அக்கா தங்கை கட்டிய காலம் அது என்று. இருக்கிற துணியைக் கிழியாமல் வெளுத்துக் கொடுக்கிற கைக்கு அன்று என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும்! என்ன கொடுத்தோம்? அறுவடை முடிந்தால் களத்தில் வருடக் கூலியாக நெல். அன்றாடம் இருட்டியதும் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்து வாங்கிப் போகிற சோறு. கல்யாணப் பந்தலுக்கு மேற்கட்டு வெள்ளை கட்ட அவர்கள், சாமி ஊர்வலத்துக்கு நடைமாத்து விரிக்க அவர்கள், இழவு வீட்டுக்கும் அவர்கள். பந்தலுக்குள் உட்கார்ந்து சாப்பிட மட்டும் அவர்கள் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கொடுமை, அவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கென்று நல வாரியம் ஒன்றைத் தமிழக அரசு அமைத்தது 2009ல்தான்.

இனி என் கதை.

எங்கள் வீட்டுக்கு வெளுத்தவர் வயதானவர். மெலிந்த உடம்பு, தண்ணீரிலேயே ஊறி வெளுத்துப்போன உள்ளங்கை. பத்து வயதுப் பொடியன் என்னை அவர் "சின்னய்யா" என்பார். நான் அவரைப் பேர் சொல்லி "நீ, வா, போ" என்பேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அப்பா கதர் கட்டுகிறவர். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரை மேலமாசி வீதியில் காந்தி மேல் சட்டையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார் என்பதை வருபவர் போபவரிடமெல்லாம் சொல்லுவார். அவரும் என்னைத் திருத்தவில்லை.

1958. வைகை அணை வேலை முடியும் தறுவாயில் இருந்த வருடம். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்காக அம்மாவுக்கு அந்தச் சுங்குடிச் சேலை வந்தது. ஒரே ஒரு தடவை கட்டிவிட்டு, வியர்வை ஆறட்டும் என்று கொடியில் போட்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றினேன். புட்டி சரிந்தது. முந்தானை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மை.

பயத்தில் கை நடுங்கியது. ஒரு செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிக் கசக்கினேன். மை இன்னும் பரவியது. மறுநாள் வெளுக்கப் போக வேண்டிய மூட்டை திண்ணையில் இருந்தது, எல்லாம் அப்பாவின் கதர் வேட்டியும் துண்டும். ஈரச் சேலையை அப்படியே சுருட்டி அந்த மூட்டைக்கு நடுவில் திணித்து, இறுக்கி முடிந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

புதுச் சாயம், ஈரம், அழுத்தம், ஓர் இரவு. என்ன நடக்கும் என்பதற்கு இப்போது நான் சமன்பாடு எழுதுவேன். அன்று தெரியாது.

அடுத்த வாரம் துணி வந்தது. சேலை தனியாக மடித்து மேலே இருந்தது. வேட்டிகளில் இரண்டிலும் ஒரு துண்டிலும் இளஞ்சிவப்பு நிழல். பல தடவை வெளுத்துப் பார்த்திருக்கிறார் என்பது துணி நைந்திருந்ததிலேயே தெரிந்தது. அப்பா வேட்டியை விரித்துப் பார்த்தார்.

"என்ன இது? வெள்ளையோட சாயத்தப் போட்டயா? இத்தன வருசம் வெளுக்குற, இதுகூடத் தெரியாதா?"

அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குக் கீழே நின்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கண் ஒரு தடவை என் பக்கம் வந்து போனது.

"நான் பாக்காம விட்டுட்டேன் சாமி. என் தப்புத்தான்."

அந்த வருடம் களத்தில் அவருக்கு அளந்த நெல்லில் ஒரு மரக்கால் குறைத்துத்தான் அளந்தார்கள். எங்கள் மரக்காலுக்கு நாலு படி. நான் களத்து ஓரத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அம்மா இறந்த பிறகு சேலை என் கைக்கு வந்தது. ஒரு நாள் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முந்தானையில் மைக் கறை இல்லை. எலுமிச்சையும் உப்புமோ புளியோ, எதையோ வைத்து அதை எடுத்திருக்கிறார். நாலைந்து புள்ளிகளைச் சுற்றி மட்டும் சிவப்பு லேசாக மங்கியிருக்கிறது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். கறையை எடுத்தவர் கறையைப் பார்த்திருப்பார். எங்கள் வீட்டில் மைப் புட்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மூட்டையை அவர் பிரிக்கும் முன்பே சாயம் இறங்கியிருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பியிருப்பார்கள் என்று நினைத்தாரோ, பிள்ளை அடி வாங்குவான் என்று நினைத்தாரோ, அறியேன். அதற்குள் அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

பள்ளத்தாக்கில் வெள்ளாவி அணைந்ததும் படிப்படியாகத்தான். சன்லைட் சோப்பு 1888லேயே கல்கத்தாவில் வந்து இறங்கியதாகச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு 501 பார் வந்ததுதான் எனக்கு நினைவு. 1959ல் சர்ஃப், 1969ல் நிர்மா. எழுபதுகளில் டெரிகாட்டன் சட்டை எல்லார் உடம்பிலும் ஏறியது. அது வெள்ளாவிக்குப் போனால் சுருங்கிவிடும், போக வேண்டிய தேவையும் இல்லை. வாசலில் சோறு வாங்குவது நின்றது. அது நின்றதில் எனக்கு வருத்தமே கிடையாது. துறையில் இருந்தவர்களின் பிள்ளைகள் இஸ்திரிக் கடை வைத்தார்கள், திருப்பூர் போனார்கள், படித்தார்கள்.

அவருடைய பேரன் என்னிடமே பத்தாம் வகுப்பு படித்தான். உவர்மண் பாடம் நடத்திய அன்று, எல்லாரும் போன பிறகு அவனை நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். மரக்கால் நெல்லையும் சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "மரக்கால்னா எத்தன கிலோ சார்?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் காலத்தில் அந்த அளவே இல்லாமல் போயிருந்தது. கடனை எதில் அளந்து திருப்பிக் கொடுப்பது?

அன்றிலிருந்து வகுப்பில் வெள்ளாவி பற்றி நடத்தும்போதெல்லாம், இதைக் கண்டுபிடித்தவர்கள் நம் ஊர் வண்ணார்கள், "அவர்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள் என்று சேர்த்துச் சொல்வேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பேத்திக்கு அந்தச் சேலையை எப்படி அலசுவது என்று காட்டினேன். அந்தக் கிழவர் செய்ததைப் பார்த்ததும் நான் படித்ததும் சேர்ந்த முறை இது. உங்கள் வீட்டிலும் அம்மா, ஆத்தா சேலை இருந்தால் உதவும்.

முதலில் சாயம் நிற்கிறதா என்று பாருங்கள். உள்மடிப்பு ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்தினால் தெரிந்துவிடும். சாயம் ஏறினால் எந்தத் துணியோடும் சேர்க்காமல் தனியாகத்தான் அலச வேண்டும். வாளியில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் வேண்டாம். புதுச் சுங்குடி என்றால் முதல் அலசலுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போடலாம். உப்பு சாயத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். ஊறப்போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சோப்புத் தூள் பெரும்பாலும் காரம். அதற்குப் பதில் நாலைந்து பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி இரவு ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீர் போதும். பிரஷ் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரு துண்டுக்குள் வைத்து உருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். நிழலில், உள்பக்கம் வெளியே வருமாறு உடனே விரித்துவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஜரிகைப் பட்டுக்கு வீட்டில் தண்ணீரே வேண்டாம். கட்டி அவிழ்த்ததும் காற்றாட விட்டு மடித்தால் போதும். ஜரிகை மேல் சென்ட் அடிக்காதீர்கள், வெள்ளி கறுக்கும். பாச்சை உருண்டையைத் துணியில் படுகிற மாதிரிப் போடாதீர்கள். காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சின்னத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வையுங்கள். என் அம்மா போடியிலிருந்து வரும் ஏலக்காயின் தோலைக்கூட வீணாக்காமல் பெட்டியில் போட்டு வைப்பார், வாசத்துக்கு. பிளாஸ்டிக் பைக்குள் சேலை வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும்.

பேத்தி எல்லாவற்றையும் கவனமாகச் செய்தாள். கொல்லையில் வேப்ப மரத்து நிழலில் சேலையை விரித்தபோது, முந்தானையில் அந்த மங்கிய இடத்தைக் காட்டினேன்.

"இத சரி பண்ண முடியாதா தாத்தா? சாயம் தொட்டு வைக்கலாமே?"

"வேண்டாம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர் பேரு என்ன தாத்தா?" என்று கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரோடு முதல் தடவையாக "தாத்தா" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.